பிள்ளையின் வயிற்றுவலியும் ஒலி காட்டும் படமும்

(நமது பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



விழாக்குழுவினர் நம்மிடம் வந்து, "பெற்றோர் கூட்டத்தில் சாமி பேச வேண்டும்" என்று கேட்டபோது, பங்கின் பழைய வரலாற்றைப் பேசுவோம் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். வரலாறு சொல்ல நம்மைவிட வயதிலும் ஞாபகத்திலும் மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் அதை மலரில் எழுதுகிறார்கள். பெற்றோர்கள் கூடியிருக்கும் இந்த நேரத்தில் பிள்ளைகளின் வயிற்றுவலியைப் பற்றியும், அந்த வலியின் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஸ்கேனைப் பற்றியும் பேசப் போகிறோம். "சாமியாருக்கும் ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உபதேசியாரே நேற்றுக் கேட்டார். சம்பந்தம் உண்டு. அது நமக்குப் பெருமை தரும் சம்பந்தமன்று.

பத்து ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு பங்கில் பணியாற்றிக் கொண்டிருந்தோம். திருவிழா நவநாட்களில் எட்டாம் நாள். பீடச்சிறுவர்களில் ஒருவன், ஒன்பது வயதுப் பிள்ளை, அன்று மாலைத் திருப்பலிக்கு வரவில்லை. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றானாம். இரண்டு முறை வாந்தி எடுத்தானாம். திருவிழாக் காலத்தில் பிள்ளைகள் கண்டதையும் வாங்கித் தின்பது வழக்கந்தானே? பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிப் படுக்க வைத்தார். விடிந்தபோது வலி வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. தகப்பனார் டவுனுக்கு அழைத்துப் போய் மருத்துவரிடம் காட்டினார். அவர் எழுதிக் கொடுத்தபடி ஒரு நிலையத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் மாலையில்தான் திரும்புவார் என்று சொல்லவே, ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்கள்.

தாயார் அந்தத் தாளோடு நேரே பங்களாவுக்கு வந்தார். "சாமி, இங்கிலீஷில் எழுதியிருக்கு, என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். கொடிகளும் தோரணங்களும் கட்டிக்கொண்டிருந்தார்கள், தேர்க்காரர்கள் முன்பணத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நாம் வாங்கிப் பார்த்தோம். குடல்வால் தென்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. "ஒன்றும் இல்லையம்மா, பயப்படாதே. மருந்தைக் கொடுத்துத் தூங்க வை. நாளை தேருக்கு வந்துவிடுவான்" என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்தோம். சாமியே சொல்லிவிட்டார் என்று அவர்கள் மாலையில் மருத்துவரைப் பார்க்கப் போகவில்லை. அன்று இரவு பத்து மணி போல் பிள்ளைக்கு வலி சட்டென்று குறைந்தது. வீட்டார் மகிழ்ந்தார்கள். விடியற்காலையில் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகை போல விறைத்துவிட்டது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்தான். பிழைத்துக்கொண்டான்.

பிறகொரு நாள் அந்தத் தாளை மறுபடியும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். நாம் படித்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. வலி நீடித்தால் மருத்துவர் மீண்டும் பரிசோதிக்க வேண்டும், தேவையானால் ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. படம் எடுத்தவர் தம் கடமையைச் செய்திருந்தார். பாதித் தாளைப் படித்தவர் நாம்.

குருமடத்தில் தத்துவம் படித்த நாட்களில் தர்க்க சாஸ்திரம் கற்பித்த வயதான குரு ஒருவர், "காணவில்லை என்பதிலிருந்து இல்லை என்ற முடிவுக்குத் தாவாதே" என்று கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வார். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினோம். வாழ்க்கையில் அது தேவைப்பட்ட நாளில் தோற்றுவிட்டோம். அந்தக் குற்ற உணர்வில்தான் இந்தப் பொருளைத் தேடித் தேடிப் படித்தோம். தெரிந்த மருத்துவர்களைத் தொந்தரவு செய்து கேட்டோம். அப்படி அறிந்ததையே உங்களுக்குச் சொல்கிறோம்.

குடல்வால் என்பது என்ன? சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில், வயிற்றின் வலப்பக்கம் கீழே, ஒரு சிறு வால் போலத் தொங்கும் குழாய். ஒரு முனை பெருங்குடலுக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். சுண்டுவிரல் நீளம், அதைவிட ஒல்லி. கெட்டியான மலத்துணுக்கோ, உள்ளே வீங்கிய நிணத்திசுவோ வாயை அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், கிருமிகள் பெருகும், இரத்த ஓட்டம் நின்று சுவர் அழுகும், கடைசியில் வெடிக்கும். பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள் இந்நோய் அதிகம் வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிதாகத்தான் வரும். ஆனால் வந்தால், கண்டுபிடிப்பதற்குள் வெடித்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. காரணம், அந்தக் குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. தொண்டை வலித்தாலும் வயிற்றைக் காட்டும், நெஞ்சில் சளி கட்டினாலும் வயிற்றைக் காட்டும். பெரியவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்புத் திரை ஒன்று இருந்து, சீழ் பரவாமல் போர்த்திக் காக்கும். சிறு பிள்ளைகளுக்கு அந்தத் திரையும் மெல்லியது.

இந்த நோயின் வரலாற்றிலும் ஒரு சிறுவனே முதலில் வருகிறான். 1735-ம் ஆண்டு லண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை மருத்துவர், பதினோரு வயதுப் பையன் ஒருவனின் குடலிறக்கத்தை அறுத்துப் பார்த்தார். உள்ளே குடல்வால் இருந்தது. அவன் எப்போதோ விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருந்தது. மயக்க மருந்து இல்லாத காலம். அமியாண்ட் அதை வெட்டி எடுத்தார், பையன் பிழைத்தான். நாம் அறிந்தவரை குடல்வாலை எடுத்த முதல் அறுவை அதுவே. ஆனால் வலப்பக்க வயிற்றுச் சீழுக்குக் குடல்வாலே மூலகாரணம் என்று அமெரிக்காவின் பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் தெளிவுபடுத்தி எழுத 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாண்டுகள் கழித்து நியூயார்க் மருத்துவர் மக்பர்னி, விரலை எங்கே வைத்து அழுத்தினால் நோயாளி துடிப்பான் என்று குறித்துச் சொன்னார். இன்றும் மருத்துவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்ட் 1902-ல் முடிசூட இருந்த இரண்டு நாட்களுக்கு முன்பு இதே நோயால் விழுந்தார். விழாவைத் தள்ளிவைத்து, அரண்மனையிலேயே அறுவை செய்து சீழை வெளியேற்றியவர் சர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ். ஆகஸ்டில் மன்னர் முடிசூடினார், மருத்துவரின் புகழ் உலகெங்கும் பரவியது. அதே டிரீவ்ஸின் சொந்த மகள் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1900-ல், குடல்வால் நோயால் இறந்திருந்தாள். இந்நோயில் இங்கிலாந்திலேயே பெரிய நிபுணர் என்று பேர் வாங்கியவரின் வீட்டிலேயே அது நடந்தது. அதைப் படித்த அன்று நமக்கு இரவெல்லாம் உறக்கம் வரவில்லை.

ஸ்கேன் இல்லாத காலத்தில் மருத்துவருக்குத் துணை அவருடைய விரலும் அனுபவமுமே. சந்தேகம் வந்தால் அறுத்துவிடுவார்கள். அறுத்துப் பார்த்தால் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்குக் குடல்வால் நன்றாகவே இருக்கும். அது தவறென்று கருதப்படவில்லை. வெடிக்க விடுவதைவிட வீணாக அறுப்பது மேல் என்பது அன்றைய கணக்கு. குடலைச் சுற்றிய நெறிகள் வீங்கினாலும் இதே வலி வரும். ஒரு குடல் மற்றொரு குடலுக்குள் செருகிக்கொண்டாலும், பெண் பிள்ளைகளுக்குச் சினைப்பை முறுக்கிக்கொண்டாலும், நுரையீரலின் அடிப்பாகத்தில் சளிக்காய்ச்சல் கண்டாலும் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அழும். இவற்றுள் சிலவற்றுக்கு உடனே கத்தி வேண்டும், சிலவற்றுக்குக் கத்தியே கூடாது. உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது.

அந்த ஜன்னல் திறந்த கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. லாசரோ ஸ்பல்லன்சானி இத்தாலிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு, பாவியா பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் போதித்தவர். நம் கோயில் மணிக்கூண்டில் வௌவால்கள் குடியிருப்பதைப் பற்றிக் கோயில்பிள்ளை வாரந்தோறும் முறையிடுகிறார் அல்லவா? ஸ்பல்லன்சானி 1793-ம் ஆண்டு வாக்கில் பாவியா பேராலய மணிக்கூண்டு வௌவால்களைப் பிடித்தே ஆராய்ந்தார். கண்ணை இழந்த வௌவாலும் எதிலும் மோதாமல் பறந்தது, பூச்சியையும் பிடித்துத் தின்றது. காதை அடைத்தபோதோ முட்டி மோதி விழுந்தது. ஜெனிவாவில் ஷூரின் என்பவரும் இதையே கண்டார். "வௌவால் காதால் பார்க்கிறதா?" என்று உலகம் சிரித்தது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை வௌவால் எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே வழி அறிகிறது என்று அமெரிக்காவில் கிரிஃபின் என்ற மாணவர் 1938-ல் கருவி வைத்து நிரூபித்த பிறகே சிரிப்பு அடங்கியது.

மனிதக் காது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேல் கேளாது. பிள்ளைகளின் வயிற்றைப் பார்க்கும் ஸ்கேன் கருவியோ நொடிக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அதிர்வுகளை அனுப்புகிறது. மின்சாரம் பட்டால் அதிர்வதும், அதிர்ந்தால் மின்சாரம் தருவதுமான படிகங்களின் குணத்தை ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறியத் தொடங்கினர். முதல் உலகப்போரில் பிரான்ஸ் நாட்டு லாஞ்ஜவான் அதைக் கொண்டு கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைத் தேட முயன்றார். பிறகு இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலைகள் அதைப் பயன்படுத்தின. கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், 1955-ல், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலைக்குப் போய், அந்த இரும்பு சோதிக்கும் கருவியை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டிக்கு ஒரு எதிரொலி, சதைக்கட்டிக்கு வேறொரு எதிரொலி! 1958-ல் தம் குழுவினரோடு அதை 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட பெண் ஒருவரின் வயிற்றில் இருந்தது அகற்றக்கூடிய வெறும் நீர்க்கட்டிதான் என்று இந்தக் கருவி காட்டி, அவரைக் காப்பாற்றியது.

இவ்வளவு இருந்தும் குடல்வாலைப் பார்க்க மேலும் கால் நூற்றாண்டு ஆனது. தடையாக இருந்தது காற்று. உடலின் மென்மையான சதையில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். காற்றைத் தொட்டதும் திரும்பிவிடும். அதனாலேயே வயிற்றின்மேல் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவுகிறார்கள். கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நிற்கக்கூடாது. தோலுக்கு வெளியே உள்ள காற்றைப் பசை விரட்டும். குடலுக்குள்ளே இருக்கும் காற்றை யார் விரட்டுவது? குடலை ஸ்கேனில் பார்க்க முடியாது என்றே பலர் விட்டுவிட்டார்கள்.

ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் பணியாற்றிய ஜூலியன் பாய்லார்ட் என்ற மருத்துவர் 1986-ல் ஒரு வழி சொன்னார். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். கருவியை வயிற்றின்மேல் வைத்து, மெல்ல மெல்ல, நோயாளி மூச்சு விடும்போது சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். நம் தாய்மார்கள் மாவு பிசையும் பக்குவத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்த அழுத்தக் குடலில் உள்ள காற்று ஒதுங்கும், குடல்கள் விலகும், கருவிக்கும் குடல்வாலுக்கும் உள்ள தூரம் குறையும். இன்னொரு நன்மையும் உண்டு. நல்ல குடல் அழுத்தினால் சைக்கிள் டியூப் போல் தட்டையாகும். வீங்கிய குடல்வால் தட்டையாகாது. அழுத்தினாலும் நசுங்காத, அசையாத, முனை மூடிய குழாய் ஒன்று 6 மில்லிமீட்டருக்கு மேல் பருமனாகத் தெரிந்தால் பெரும்பாலும் நோய் அதுதான். குறுக்காகப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம் போலக் காட்சி தரும். உள்ளே கல் போன்ற மலத்துணுக்கு இருந்தால் அதன் பின்னே கரிய நிழல் விழும். சுற்றியுள்ள கொழுப்பு வெளுத்துப் பளிச்சிடும். சீழ் கட்டியிருந்தால் அதுவும் தெரியும்.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. ஒல்லியான வயிறு, குறைந்த ஆழம், அதிகத் தெளிவு. நம் பிள்ளை சதை பிடிக்கவில்லையே என்று ஏங்கும் தாய்மார்கள் இந்த ஒரு விஷயத்திலாவது ஆறுதல் கொள்ளலாம். தேர்ந்த கைகள் நோயாளியிடம், "எங்கே வலிக்கிறது, ஒரே விரலால் காட்டு" என்று கேட்டு அங்கிருந்தே தேடத் தொடங்கும். பிள்ளை வீறிட்டு அழுதால் வயிறு இறுகிவிடும், அப்போது அழுத்தவும் முடியாது, பார்க்கவும் முடியாது. ஆகையால் பெற்றோரே, ஸ்கேன் அறைக்குள் நீங்கள் அழாதீர்கள். தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுங்கள். ஊசி கிடையாது, இதற்கு மயக்க மருந்து தேவையில்லை, கதிர்வீச்சு அறவே கிடையாது என்று முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

கதிர்வீச்சு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. "சாதாரண ஸ்கேன்தான் எழுதினார், பெரிய ஸ்கேன் எழுதவில்லை" என்று மருத்துவரைக் குறை சொல்லி நம்மிடம் வருகிறவர்கள் உண்டு. காசு அதிகமானால் வைத்தியம் உயர்ந்தது என்ற நினைப்பு நம்மிடம் எப்போது குடிபுகுந்ததோ தெரியவில்லை. சி.டி. ஸ்கேன் குடல்வாலை மிகத் தெளிவாகக் காட்டும் என்பது மெய். ஆனால் அது எக்ஸ்ரே கதிர்களால் எடுப்பது. வளரும் பிள்ளையின் உடல் கதிர்களுக்குப் பெரியவர்களைவிட எளிதில் பாதிப்படையும், பாதிப்பு வெளிப்பட அதற்கு நீண்ட ஆயுளும் முன்னே இருக்கிறது. சிறுவயதில் சி.டி. எடுத்தவர்களைப் பின்தொடர்ந்து பிரிட்டனில் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. இரத்தப் புற்றும் மூளைக்கட்டியும் வரும் அபாயம் அவர்களுக்குச் சிறிதளவு கூடுகிறது என்று அது சொன்னது. சிறிதளவுதான், பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் ஒலியால் விடை கிடைக்கும் இடத்தில் கதிரை ஏன் பாய்ச்ச வேண்டும்? ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் ஒலி ஸ்கேன் என்பதே மருத்துவ உலகின் இன்றைய நடைமுறை. அதில் தெளியாதபோது மருத்துவர் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ கேட்டால், அப்போது மறுக்கவும் கூடாது.

இனி, நாம் தவறிய இடத்துக்கு வருகிறோம். குடல்வாலுக்காக எடுக்கும் ஸ்கேன் மூன்று வகையில் பதில் சொல்லும். குடல்வாலைக் கண்டோம், அது வீங்கியிருக்கிறது என்பது ஒன்று. கண்டோம், முழுவதும் நன்றாக இருக்கிறது என்பது மற்றொன்று. மூன்றாவது, குடல்வால் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்பது. பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம், இடுப்பெலும்புக் குழிக்குள் தொங்கலாம், காற்று மறைத்திருக்கலாம், பிள்ளை ஒத்துழையாமல் இருந்திருக்கலாம், பார்த்தவருக்குப் பிள்ளைகளின் வயிற்றில் பழக்கம் குறைவாக இருந்திருக்கலாம். ஏற்கெனவே வெடித்து உருத்தெரியாமல் போயிருக்கவும் கூடும். இந்த ஸ்கேன் பார்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்தது என்பதை அந்தத் துறையினரே ஒளிக்காமல் சொல்கிறார்கள். பாய்லார்ட் முறையில் தேர்ந்தவர்களுக்கும் எல்லாப் பிள்ளைகளிடத்திலும் குடல்வால் அகப்படுவதில்லை. இந்த மூன்றாவது பதில் அடிக்கடி வருவது. பெற்றோர்கள் இதைத்தான் "நார்மல்" என்று படித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். நாமும் அப்படித்தான் படித்தோம்.

தென்படவில்லை என்று வந்தால் செய்ய வேண்டியது, அந்தத் தாளோடு மருத்துவரிடமே திரும்பிப் போவது. அவர் மீண்டும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியுள்ளனவா என்று சோதிப்பார். சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனித்து, ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொல்லலாம். காலையில் ஒளிந்திருந்தது மாலையில் வீங்கிப் புலப்படுவதுண்டு. இரண்டாம் முறை ஸ்கேன் எழுதினால் அது காசு பிடுங்கும் வேலை என்று சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கென்று மதன் சாமுவேல் என்ற மருத்துவர் 2002-ல் வகுத்த பத்து மதிப்பெண் கணக்கு ஒன்று உண்டு. வலி தொப்புளிலிருந்து வலப்பக்கம் இறங்கியதா, பசி அற்றதா, குமட்டலோ வாந்தியோ உண்டா, காய்ச்சல் உண்டா, தொட்டால் வலிக்கிறதா, இருமினாலோ குதித்தாலோ வலப்பக்கம் கீழே வலிக்கிறதா என்றெல்லாம் கேட்டு, இரத்தப் பரிசோதனையையும் சேர்த்து மதிப்பெண் இடுவார்கள். அந்தக் கணக்கும் ஸ்கேனும் சேர்ந்தே மருத்துவருக்கு முடிவைத் தருகின்றன. குதித்துப் பார்ப்பதை நீங்கள் வீட்டிலேயே கவனிக்கலாம். ஓடியாடும் பிள்ளை, ஒரு முறை குதிக்கச் சொன்னால் மறுத்து, வலப்பக்கம் கையை வைத்துக் குனிந்தே நடந்தால் பொழுது விடியக் காத்திராதீர்கள்.

ஸ்கேன் நிலையம் என்றதும் நம் பகுதிப் பெண்கள் சிலருக்கு முகம் மாறுவதைக் கண்டிருக்கிறோம். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று அறிந்து பெண்ணானால் அழித்த கொடுமைக்கு இதே கருவி துணைபோன காலம் உண்டு. 1994-ல் பாராளுமன்றம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு பெற்றிருக்க வேண்டும், பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகை தொங்க வேண்டும் என்பதெல்லாம் அதனால் வந்தவை. பலகையைக் கண்டு ஒதுங்க வேண்டாம். அந்தக் கருவியே இன்று எத்தனையோ பெண் பிள்ளைகளின் முறுக்கிக்கொண்ட சினைப்பையை நேரத்தில் காட்டித் தருகிறது.

பாட்டிமார்களிடம் ஒரு விண்ணப்பம். கோபித்துக்கொள்ளக் கூடாது. வலப்பக்கம் வலி, வாந்தி, காய்ச்சல் மூன்றும் கூடினால் பேதிக்கு விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டாம், எனிமா வேண்டாம், சுடுநீர் ஒத்தடம் வேண்டாம். குடல் ஏறிக்கொண்டது என்று தடவி இறக்குகிறவர்களிடம் தூக்கிப் போக வேண்டவே வேண்டாம். வீங்கி வெடிக்கக் காத்திருப்பதைப் பிசைந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வலி நின்றுவிட்டது என்று நம்பியும் இருந்துவிடாதீர்கள். வெடித்தவுடன் அழுத்தம் நீங்கிச் சிறிது நேரம் வலி தணிவதுண்டு. அந்தப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கு நடந்தது அதுதான்.

அறுவைக்குப் பயந்து தாமதிப்பவர்களுக்கும் ஒரு சொல். நேரத்தில் வந்தால் இன்று மூன்று சிறு துளைகள் வழியே முடித்து ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆரம்ப நிலையில், வெடிக்காமலும் உள்ளே கல் இல்லாமலும் இருந்தால், சில பிள்ளைகளுக்கு மருந்தால் மட்டுமே குணப்படுத்தவும் பார்க்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நோய் மறுபடி வருவதும் உண்டு. யாருக்கு எது என்று தீர்மானிப்பதற்கும் ஸ்கேனில் கண்டதே பெரிதும் உதவுகிறது. தாமதித்து வந்தவர்களுக்குத்தான் இந்த வசதிகள் எல்லாம் கைநழுவிப் போகின்றன.

அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். போன கிறிஸ்மஸ் விடுமுறையில் நம்மைப் பார்க்க இங்கே வந்திருந்தான். அவனுடைய தாயாரும் வந்திருந்தார். பழைய கதையைப் பேச்சோடு பேச்சாக எடுத்து, நமது தவறுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "சாமி, அதையெல்லாம் இன்னுமா நினைச்சுக்கிட்டிருக்கீங்க?" என்று சிரித்துவிட்டு, கொண்டுவந்த முறுக்கு டப்பாவை மேசைமேல் வைத்தார்.

பங்குப் பேரவையில் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பங்கு வேனின் சாவி ஒன்று நம்மிடமும், மற்றொன்று உபதேசியார் வீட்டிலும் இருக்கும். இரவில் வண்டி ஓட்ட இளைஞர் இருவர் முன்வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வார்டில் இரவிலும் ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனைகள் எவை என்று விசாரித்து, பட்டியலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். எந்நேரமானாலும் பங்களாவின் மணியை அடியுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் நம்மிடம் படிக்கக் கொடுக்காதீர்கள்.